விழுந்த பல்லை அங்கேயே வைத்துவிடுங்கள், அண்ணாச்சி

கேள்வி: மகள் வயிற்றுப் பேரனுக்கு 11 வயது. பள்ளி லீவுக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தான். ஆற்றுப் படித்துறையில் பாசி வழுக்கி முகம் குப்புற விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்றுவிட்டது. பல் படியிலேயே கிடந்தது. என் வீட்டுக்காரி அதை உப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, மஞ்சள்பொடி தூவி, கைக்குட்டையில் முடிந்து தந்தாள். பஸ் பிடித்துத் திருநெல்வேலி போய் டாக்டரைப் பார்ப்பதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பல்லைத் திரும்ப வைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி ஒட்டியிருக்கிறார். ரொம்ப வருஷம் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பத்து நாள் ஆகிறது. வலி இல்லை, வீக்கமும் வற்றிவிட்டது. இன்னும் மூன்று நாளில் வேர் சிகிச்சைக்கு வரச் சொல்கிறார். வலியே இல்லாத பல்லுக்கு அது எதற்கு? சென்னையில் இருக்கும் மருமகன், ‘இங்கே நடந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம்’ என்கிறார். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? நாலு வயதுப் பேத்தி எங்களோடுதான் இருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு இப்படி ஆனால்?

— ஒரு தாத்தா, அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்:

அண்ணாச்சி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேர் சிகிச்சைக்கு டாக்டர் சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். வேர் வளர்ந்து முடிந்த பல் கழன்று விழுந்து, அதைத் திருப்பி வைத்தால், இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். உங்கள் பேரனுக்குப் பத்து நாள் ஓடிவிட்டது. ஊரில் கோயில் கொடை, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று ஒரு வாரம் தள்ளினாலும் கணக்குத் தப்பிவிடும்.

வலியே இல்லையே என்கிறீர்கள். அந்தப் பல்லுக்குள் இப்போது உயிர் இல்லை, அதனால்தான் வலியும் இல்லை. வேரின் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. ரத்தக்குழாயும் நரம்பும் அது வழியாகத்தான் பல்லுக்குள் போகின்றன. பல் கழன்றபோது இரண்டும் அறுந்து போயின. ஏழெட்டு வயதுப் பிள்ளையாக இருந்தால் அந்தத் துளை இன்னும் அகலமாக இருக்கும், ரத்த ஓட்டம் திரும்பவும் உள்ளே வர வாய்ப்பு உண்டு. அந்த வயதில் பல் டாக்டர்கள் நாங்களே கை வைக்காமல் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருப்போம். 11 வயதில் மேல் முன்பல்லின் வேர் அநேகமாக வளர்ந்து முடிந்து துளை குறுகிவிட்டிருக்கும். அதற்கு மேல் உள்ளே எதுவும் துளிர்க்காது.

அப்படியே விட்டால் உள்ளே செத்துக் கிடக்கும் சதையில் கிருமி சேரும். அதன் நஞ்சு பல்லில் இருக்கும் நுண்ணிய குழல்கள் வழியாக வேரின் வெளிப்பக்கம் வரை கசியும். உடம்பு அதை எதிர்க்கும்போது கிருமியோடு சேர்த்து வேரையும் அரிக்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு இந்த அரிப்பு வேகமாக நடக்கும். வெளியே பார்த்தால் பல் அழகாக நிற்கும், எக்ஸ்ரே எடுத்தால் வேரின் ஓரமெல்லாம் குழி குழியாக இருக்கும். சில மாதத்தில் பல் கையோடு வந்துவிடும். வேர் சிகிச்சை இந்த அரிப்பைத் தடுப்பதற்குத்தான். உள்ளே இருப்பதைச் சுத்தமாக எடுத்துவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடு மாதிரி ஒரு மருந்தைக் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு நிரந்தரமாக அடைப்பார்கள். பையன் பயப்பட வேண்டியதில்லை, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள்.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வாரம் ஆனதும் எடுத்துவிடுவார்கள். பல்லைத் தாங்கும் எலும்பும் உடைந்திருந்தால் நாலு வாரம். ‘இன்னும் ரெண்டு மாசம் இருக்கட்டும் டாக்டர், நல்லா பிடிச்சுக்கிடட்டும்’ என்று சிலர் கெஞ்சுவார்கள். அது வேண்டாம். அந்தப் பல் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் வளையக்கூடிய மெல்லிய கம்பியாகப் பார்த்து ஒட்டுகிறோம். அசைவே இல்லாமல் நெடுநாள் கட்டி வைத்தால் பல் எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளும்.

சரி, படித்துறைக்கு வருவோம்.

பல்லும் தாடை எலும்பும் நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. கனம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட வருவது சந்தேகம். பல் கழலும்போது அது கிழிந்து, பாதி எலும்போடு நின்றுவிடும், பாதி வேரோடு வந்துவிடும். விழுந்த பல்லின் வேரில் இளஞ்சிவப்பாக, வழவழவென்று ஒட்டியிருந்ததே, அதுதான். பார்க்கிறவர்களுக்கு அது சதைத் துணுக்கு, அழுக்கு. அந்தச் சவ்வில் உயிர் இருக்கும்போதே பல் பழைய இடத்துக்குப் போய்விட்டால், எலும்பில் இருக்கும் மறுபாதியோடு அது மறுபடி சேர்ந்துகொள்ளும். உயிர் போய்விட்டால் சேராது.

நீங்கள் பிசான நடவு பார்த்தவர். பிடுங்கிய நாற்றை முடியாகக் கட்டி மத்தியானம் வரை வரப்பில் வெயில் காயப் போட்டுவிட்டா நடுவீர்கள்? இதுவும் அதே கதைதான். ஈரம் இல்லாமல் அரைமணி நேரம் காற்றில் கிடந்தாலே அந்தச் சவ்வின் செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் பிழைத்தது எதுவும் இருக்காது என்றே வைத்துக்கொண்டு நாங்கள் வேலையைத் தொடங்குவோம். உங்கள் பேரன் பல்லில் உப்பும் தேய்ப்பும் முதலிலேயே சவ்வைச் சுரண்டிவிட்டன, மீதியைக் கைக்குட்டையும் இரண்டு மணி நேரமும் முடித்துவிட்டன.

இதற்காக ஆச்சியைக் கோபிக்காதீர்கள். சுத்தமாகக் கொடுத்தனுப்ப வேண்டும் என்ற அக்கறையில் செய்தது. விழுந்த பற்கள் எங்களிடம் எப்படியெல்லாம் வந்து சேர்கின்றன தெரியுமா? தீப்பெட்டிக்குள் வரும். திருச்செந்தூர் விபூதிப் பொட்டலத்தில் வரும். சட்டைப் பையில் சில்லறையோடு சேர்ந்து வரும். பஞ்சில் சுற்றி, நகை டப்பாவில் வைத்து வரும். டெட்டாலில் ஊறப்போட்டுக் கொண்டுவந்தவர்களும் உண்டு, அது பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள் செய்கிற வேலை. எல்லாரும் பல்லைப் பத்திரமாகத்தான் கொண்டுவருகிறார்கள். வேரை ஈரமாகக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செய்திருக்க வேண்டியது என்ன என்றால், பல்லை அந்தப் படித்துறையிலேயே, விழுந்த சில நிமிஷத்துக்குள், வந்த குழியிலேயே திருப்பி வைத்திருக்க வேண்டும். நீங்களே. டாக்டர் தேவையில்லை. இதைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் ‘ஐயோ, எங்களால் முடியாது’ என்றுதான் சொல்வார்கள். ரத்தம் வழிகிற வாயில், அழுகிற பிள்ளைக்கு, பல்லை எடுத்துச் சொருகுவதா என்று கை நடுங்கும். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பல்லை எடுக்கும்போது வாயில் வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதியை மட்டும் இரண்டு விரலால் பிடியுங்கள். வேரில் கை படக்கூடாது. மண்ணோ தூசியோ ஒட்டியிருந்தால் பாலிலோ மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சலைனிலோ லேசாக அலசுங்கள். அதுவும் இல்லாவிட்டால் பிள்ளையின் எச்சிலே போதும். தேய்க்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், நகத்தால் சுரண்டாதீர்கள். பிறகு பிள்ளையை உட்கார வைத்து, பக்கத்துப் பல்லைப் பார்த்துத் திசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பல்லின் வெளிப்பக்கம் ஓரளவு தட்டையாக இருக்கும், அது உதட்டைப் பார்க்க வேண்டும். உள்பக்கம் உட்குழிந்திருக்கும், அது நாக்கைப் பார்க்க வேண்டும். குழிக்கு நேராக வைத்து மெதுவாக, ஆனால் விடாமல் அழுத்துங்கள். குழிக்குள் ரத்தம் உறைந்திருந்தாலும் வழிவிடும். பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, சுத்தமான கைக்குட்டையை நாலாக மடித்துக் கொடுத்து மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவ்வளவுதான். இதற்குப் பிறகு பஸ் பிடிக்கலாம்.

அடிபட்ட முதல் சில நிமிஷம் அந்த இடம் மரத்துப்போனது போல இருக்கும், நாம் பயப்படுகிற அளவுக்குப் பிள்ளைக்கு வலிக்காது. கொஞ்சம் கோணலாக வைத்துவிட்டாலும் கவலை இல்லை. சரியாக உட்காராத பல்லை இரண்டு நாளைக்குள் நாங்கள் நேர்செய்துகொள்ள முடியும். முன்பின் திருப்பி வைத்துவிட்டால்கூடத் திருத்திவிடலாம். காய்ந்துபோன வேரை எந்த டாக்டராலும் திருத்த முடியாது.

மருமகன் சொன்னதற்கும் இதுதான் பதில். அம்பையிலிருந்து நெல்லை 35 கிலோமீட்டருக்கு மேல். காரையாறிலிருந்து இறங்கி வருபவருக்கோ, உவரி, திசையன்விளைப் பக்கமிருந்து வருபவருக்கோ இன்னும் தூரம். பல்லுக்கு இருக்கும் அரைமணி நேரத்தில் பாளையங்கோட்டை வந்து சேர நம் ஊரில் யாராலும் முடியாது. சென்னையிலும் முடியாது. வேளச்சேரியில் பல் விழுந்தால் போக்குவரத்தில் நகர்ந்து, டாக்டர் வாசலில் டோக்கன் போட்டு உட்காருவதற்குள் அங்கேயும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். பல் விழுந்த இடத்தில் யார் நிற்கிறார்கள், அவர்களுக்கு விஷயம் தெரியுமா என்பதுதான் கணக்கு. மருமகனிடம் இதைப் படிக்கக் கொடுங்கள், அங்கே அவருக்கும் உதவும்.

ஒன்று மட்டும் நானும் சொல்வேன். இதற்கு நெல்லைக்கே வர வேண்டும் என்பதில்லை. அம்பையிலேயே பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். திருப்பி வைத்துக் கம்பி ஒட்டுவது பி.டி.எஸ். படித்த எவரும் செய்கிற வேலைதான். ‘பெரிய டாக்டர்’ தேடி ஒரு மணி நேரம் போவதைவிடப் பக்கத்தில் இருப்பவரிடம் பத்து நிமிஷத்தில் போய்ச் சேருவது எவ்வளவோ மேல். கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுங்கள். ‘பல் வேரோடு விழுந்துவிட்டது, கையில் வைத்திருக்கிறோம்’ என்று சொன்னால் வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள். செலவுக்கு யோசிப்பவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

கை நடுங்குகிறது, பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறான், திருப்பி வைக்க வழியே இல்லை என்றால் அப்புறம்தான் பால். டீக்கடைக்கு ஓடுங்கள். கொதிக்கிற பால் சட்டியைப் பார்க்காதீர்கள், குளிர்பெட்டியில் இருக்கும் பாக்கெட் பாலை வெட்டி ஒரு டம்ளரில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். வேர் முழுக்க மூழ்க வேண்டும். பாலில் இருக்கும் உப்பின் அளவு நம் உடம்பின் திரவத்துக்கு நெருக்கமானது, புளிப்பும் இல்லை, அதனால் அந்தச் செல்கள் அதில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். குளிர்ந்திருந்தால் இன்னும் நல்லது. சர்க்கரை போட்டது, புளித்தது, தயிர், மோர் எதுவும் ஆகாது.

தண்ணீரில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். தாமிரபரணித் தண்ணீரைக் குறை சொன்னால் நம் ஊரில் நடமாட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நல்ல தண்ணீர் என்றால் அதில் உப்பு மிகக் குறைவு என்றுதானே பொருள்? வேரில் ஒட்டியிருக்கும் செல்கள் அந்தத் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். வேறு எதுவுமே கிடைக்காவிட்டால், காய விடுவதற்குத் தண்ணீர் பரவாயில்லை. அதோடு சரி.

மெடிக்கல் ஷாப் பக்கத்தில் இருந்தால் சலைன் வாங்கலாம். ‘குளுக்கோஸ் பாட்டில் கொடுங்க’ என்று கேட்டுவிடாதீர்கள். நம் பக்கம் கையில் ஏற்றுகிற எல்லாப் பாட்டிலுக்கும் அதே பெயர்தான். ‘நார்மல் சலைன்’ என்று கேளுங்கள். எதுவும் இல்லாத இடமென்றால் ஒரு சின்ன டப்பாவில் பிள்ளையைத் துப்பச் சொல்லி, அந்த எச்சிலில் பல் மூழ்கும்படி வைக்கலாம். பெரியவர்கள் பல்லைக் கன்னத்தின் உள்பக்கம் அடக்கிக்கொண்டே வரலாம் என்று சொல்வதுண்டு. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாதீர்கள், விழுங்கிவிடுவார்கள்.

இளநீர்? இதை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். விழுந்த பல்லை இளநீரில் வைப்பது பற்றி இந்தியாவிலேயே சோதனைச்சாலையில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒரு ஆய்வில் பாலைவிட நன்றாக வேலை செய்தது, வேறு ஆய்வுகளில் பாலுக்குப் பின்னால்தான் நின்றது. இளநீரில் இயல்பாகவே கொஞ்சம் அமிலம் இருப்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. பல் காய சிகிச்சைக்கான சர்வதேச அமைப்பு 2020-ல் புதுப்பித்த வழிகாட்டுதலில் பால், எச்சில், சலைன் எல்லாம் இருக்கின்றன, இளநீர் இல்லை. தோப்பில் நிற்கும்போது விழுந்தது, பாலுக்குப் போக நேரமாகும் என்றால் இளநீரில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், கைக்குட்டையில் முடிவதைவிட நல்லது. பால் கிடைக்கும் இடத்தில் இளநீரைத் தேடிப் போக வேண்டாம்.

பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் படித்துறைக் கல்லில் மோதிய பிள்ளைக்குப் பல் இரண்டாவது விஷயம். நினைவு தப்பினானா, வாந்தி எடுத்தானா, நடந்ததைச் சொல்லத் தெரியாமல் முழிக்கிறானா, தூங்கி வழிகிறானா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு முதலில் தலைக்கு வைத்தியம் பாருங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் ஆளை அசைக்காதீர்கள். வாயை மூடினால் பற்கள் பழையபடி சேரவில்லை என்றால் தாடை எலும்பு உடைந்திருக்கலாம். தேடியும் பல் கிடைக்காவிட்டால் அது எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். முழுதாக ஈறுக்குள்ளேயே ஏறிப் புதைந்திருக்கலாம், கிழிந்த உதட்டுக்குள் சிக்கியிருக்கலாம், விழுங்கியிருக்கலாம். இருமிக்கொண்டே இருக்கிறான், மூச்சில் சத்தம் வருகிறது என்றால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்குமோ என்று சந்தேகப்பட்டு உடனே ஆஸ்பத்திரி போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கழன்று விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும் பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள். பாதி உடைந்து விழுந்தால் அந்தத் துண்டையும் ஈரமாக வைத்துக் கொண்டுவாருங்கள், பல நேரம் அதையே ஒட்டிவிடலாம்.

பேரனுக்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டதா என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 10 வயதில் போடுகிற டி.டி. ஊசி அட்டையில் பதிவாகியிருக்கும். இல்லையென்றால் வேர் சிகிச்சைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். நாலு வயதில் இருப்பதெல்லாம் பால்பல். அதை ஒருபோதும் திருப்பி வைக்கக்கூடாது. மேலே சொன்னதெல்லாம் நிரந்தரப் பல்லுக்கு மட்டும்தான். பால்பல்லின் வேருக்குப் பக்கத்திலேயே எலும்புக்குள் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. விழுந்ததை அமுக்கி வைத்தால் வரப்போகிற பல்லைக் கெடுத்துவிடுவோம். சுத்தமான துணியை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள், பல்லையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். முழுப் பல்லும் வந்துவிட்டதா, துண்டு உள்ளே இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்வார். பின்னால் முளைக்கும் பல் சற்றுத் தாமதமாகவோ, வெள்ளையாக அல்லது பழுப்பாக ஒரு புள்ளியோடோ வரலாம். அப்போது ‘இது எப்படி வந்தது’ என்று தேடாமல் இருக்க, அடிபட்ட தேதியை எங்காவது குறித்து வையுங்கள்.

சிக்கல் வருவது ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில்தான். வாயில் இரண்டு வகையும் கலந்திருக்கும். பால்பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிகிற பழக்கம் நமக்கு உண்டு, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு அடிபட்டு விழுந்த முன்பல்லையும் ‘எப்படியும் முளைக்கும்’ என்று எறிந்துவிட்டு வருவார்கள் பாருங்கள், அதுதான் வயிறு எரிகிறது. மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டும் ஏழெட்டு வயதிலேயே நிரந்தரப் பல்லாக மாறிவிடும், அதற்குப் பிறகு விழுந்தால் முளைக்க இன்னொன்று இல்லை. நிரந்தரப் பல் அகலமாக, பால்பல்லைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், புதிதாக முளைத்திருந்தால் விளிம்பில் ரம்பம் மாதிரிச் சின்னச் சின்ன மேடு இருக்கும். தெரியவில்லை, குழப்பமாக இருக்கிறது என்றால் வாயில் வைக்காமல் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. நிரந்தரப் பல்லே ஆனாலும், கடுமையான இதய நோய் இருப்பவர்கள், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தாங்களாக வைத்துக்கொள்ளாமல் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இனி பேரன் பல் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி. உங்கள் டாக்டர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். சவ்வு செத்துப்போன பல்லை உடம்பு பல்லாக நினைக்காது, எலும்பின் ஒரு பகுதியாக நினைத்துக்கொள்ளும். எலும்பு நேராக வேரோடு ஒட்டும். பிறகு வருஷக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக வேரைக் கரைத்து அந்த இடத்தில் எலும்பை வைத்துக்கொண்டே வரும். இதில் வலி இருக்காது. வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் அந்தப் பல்லைத் தட்டினால் மற்ற பற்களைவிடக் கணீரென்று ஒலிக்கும், நாங்கள் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். வளர்கிற வயது என்பதால் இன்னொன்றும் நடக்கும். பக்கத்துப் பற்கள் தாடையோடு சேர்ந்து வளர்ந்து இறங்கும், இந்தப் பல் எலும்பில் ஒட்டிக்கொண்டதால் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருநாள் பார்த்தால் அது மட்டும் குட்டையாக, உள்ளே ஏறிவிட்டது போலத் தெரியும்.

அப்படியானால் எதற்கு இந்தச் செலவும் அலைச்சலும் என்று சோர்ந்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் காய்ந்த பல்லை அவர் தூக்கிப் போடாமல் திருப்பி வைத்ததுதான் சரியான வைத்தியம். 11 வயதில் அந்த இடத்தைக் காலியாக விட்டால் எலும்பு மெலிந்து சூம்பிவிடும். இந்தப் பல் நிற்கும் வரை எலும்பின் அகலம் காப்பாற்றப்படும். பையன் பள்ளிக்கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டியதில்லை. பிறகு பல் குட்டையாகத் தெரியத் தொடங்கினால், வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடும் முறை ஒன்று உண்டு. அந்த வேர் மெல்ல எலும்பாகி இடத்தைக் காக்கும். தாடை வளர்ந்து முடியும்வரை பக்கத்துப் பல்லோடு ஒட்டிய ஒரு செயற்கைப் பல்லை வைத்துச் சமாளிக்கலாம். எலும்பில் திருகிப் பொருத்துகிற இம்ப்ளான்ட் என்பதெல்லாம் தாடை வளர்ந்து முடிந்த பிறகு, 18, 20 வயது தாண்டித்தான். அவசரப்பட்டு 14 வயதிலேயே போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டுக்கு இந்த இரண்டு வாரமும் மெதுவானது போதும். குழைந்த சோறு, இடியாப்பம், சொதி எல்லாம் கொடுக்கலாம். அல்வாவும் மெதுவானதுதானே என்று ஆச்சி கேட்பார், கம்பியில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பாடு, அதனால் கம்பி எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். முறுக்கு, கடலைமிட்டாய், பனங்கிழங்கு, கரும்பு இவற்றை முன்பல்லால் கடிக்கிற பேச்சே கூடாது. மென்மையான பிரஷ்ஷால் தினமும் இரண்டு வேளை கம்பியைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் பத்திரம் என்று நினைத்து அழுக்குச் சேர்த்துவிடுகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த குளோர்ஹெக்சிடின் மருந்தால் காலையிலும் ராத்திரியிலும் கொப்பளிக்கட்டும். ஆன்டிபயாட்டிக்கை வலி இல்லை என்று பாதியில் நிறுத்தியிருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆற்றில் குளிக்கலாம், குதிக்க வேண்டாம். கபடியும் வாலிபாலும் டாக்டர் சொல்லும்வரை காத்திருக்கட்டும், பிறகு விளையாடப் போகும்போது பல்லுக்கு மாட்டும் கார்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிய வைக்கிற வகை விளையாட்டுச் சாமான் கடைகளிலேயே கிடைக்கும்.

லீவு முடிந்து பையன் சென்னைக்குப் போய்விடுவான். அதற்கு முன்னால் இங்கே எடுத்த எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி மகளிடம் கொடுத்தனுப்புங்கள். அடிபட்ட நாள், பல் வெளியே இருந்த நேரம், திருப்பி வைத்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அங்கே பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று காட்டிவிட்டு, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஐந்து வருஷம் காட்ட வேண்டும். நடுவில் ஈறு வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, பல் நிறம் மாறினாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பல் தெரியச் சிரிக்கச் சொல்லி நேருக்கு நேர் செல்போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பல் குட்டையாகிறதா என்பது மகளுக்கே தெரிந்துவிடும், டாக்டரிடம் காட்டவும் உதவும்.